நான் போகாத நோர்வே

போன பனிக்காலத்தில் நான் நோர்வேக்குப் போய் வந்ததாக, ரொறன்ரோவின் கிழக்கே ஸ்கார்பரோவில் டோர்செட் பார்க்கில் எங்கள் கட்டடத்தில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நான் போகவில்லை. அந்த நாட்களில் ரொறன்ரோவில்தான் இருந்தேன். குவீன் வீதியில், பார்க்டேலுக்குக் கொஞ்சம் முன்னால், ஸ்கண்டினேவியப் பாணியில் புதிதாக அலங்கரித்த ஒரு ஹோட்டலில். ஒளிந்திருந்தேன் என்பதுதான் சரியான சொல்.

ஒளிந்தது என் நண்பனிடமிருந்து. நாங்கள் இருவரும் ஒரே காலத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து அகதிகளாக வந்தவர்கள். பார்க்டேலில், அதே குவீன் வீதியில், உடுப்புத் தோய்க்கும் கடை ஒன்றுக்கு மேலே ஒரே அறையில் இருந்தோம். பிறகு கலியாணம், பிள்ளைகள், மிசிசாகாவில் ஆளுக்கொரு வேலை. வயதான பின் மறுபடியும் ஒரே கட்டடம். அவன் வீடு என் வீட்டுக்கு இரண்டு மாடி கீழே. என் மனைவி இறந்த பிறகு பின்னேரத் தேநீர் எனக்கு அங்கேதான்.

அவனை ஸ்கார்பரோவில் ஒரு ஆஸ்பத்திரியில் விட்டிருந்தார்கள். இனி வைத்தியம் இல்லை, நோவைத் தணிக்கலாம் என்று சொல்லிப் படுக்கவைக்கும் பிரிவு. அங்கிருந்து போன் எடுத்தான்.

“மச்சான், ஒருக்கா வந்து தலைமயிரை வெட்டிவிடு. போற நேரம் சாமியார் மாதிரிப் போகேலாது.”

இதை விளக்க வேண்டும். பார்க்டேலில் சலூனுக்குப் போக எங்களுக்கு வசதி இல்லை. ஒரு கத்தரிக்கோல் வாங்கினோம். ஞாயிற்றுக்கிழமைகளில் தரையில் பேப்பரை விரித்து, அவன் தலையை நானும் என் தலையை அவனும் வெட்டினோம். ஊரில் எங்கள் வீடுகளுக்கு முடிவெட்ட வந்தவரைப் பின்பக்கமாக வரச் சொன்னவர்கள் நாங்கள். “அம்மா கண்டால் கிணத்துக்கை குதிப்பா” என்று அவன் சிரிப்பான். அவனுக்கு இரட்டைச் சுழி. எப்படி வெட்டினாலும் உச்சியில் ஒரு கொத்து எழும்பி நிற்கும். எந்தப் பக்கத்தால் வெட்டினால் படியும் என்பதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கண்டுபிடித்தேன். கையில் காசு வந்த பிறகும் அவன் சலூனுக்குப் போகவில்லை. மாதம் ஒருமுறை என்னிடம்தான் வருவான்.

“வாறன்” என்றேன். போகவில்லை. திரும்பவும் கேட்டான். திரும்பவும் “வாறன்” என்றேன். மூன்றாம் முறை கேட்டபோது வாயில் வந்ததைச் சொன்னேன்.

“மகளிட்டை நோர்வேக்குப் போறன் மச்சான். டிக்கெட் போட்டாச்சு. வந்த உடனை வெட்டிவிடுறன்.”

“போட்டு வா” என்றான். “அவளும் எத்தினை வருசமாக் கூப்பிடுறாள்.”

என் மனைவி கடைசியாகக் கிடந்ததும் அதே பிரிவில்தான், அதனால் போக மனம் வரவில்லை என்று சொன்னால் எல்லோரும் நம்புவார்கள். அது பாதி உண்மை. அவன் தலையைக் கையில் பிடிக்கப் பயந்தேன் என்பது மற்றப் பாதி. மெலிந்த தலை எவ்வளவு பாரமற்றது என்று எனக்குத் தெரியும். மனைவியின் தலைக்கு அடியில் தலையணையைச் சரிசெய்தவன் நான்.

பொய்யைச் சொல்லிவிட்டு வீட்டிலேயே இருக்க முடியாது. லிப்டில் அவன் மனைவியைக் காண்பேன். ஆகவே பெட்டியை அடுக்கினேன். ஏனோ அந்தக் கத்தரிக்கோலையும் உள்ளே போட்டேன். எப்படித் தெரிந்ததோ, நான் கீழே இறங்கும் நேரம் அவள் வாசலில் நின்றாள். கையில் ஒரு பொட்டலம். பிளாஸ்டிக் பைக்குமேல் பை சுற்றி, டேப் ஒட்டியிருந்தது.

“அண்ணை, தூள். நேற்று வறுத்து இடிப்பிச்சனான். மகளுக்குக் குடுங்கோ. அங்கை நல்ல தூள் எங்கை கிடைக்கப்போகுது.”

புருசன் ஆஸ்பத்திரியில் கிடக்கும்போது என் மகளுக்காக மிளகாய் வறுத்திருக்கிறாள். வேண்டாம் என்று சொல்லக் காரணம் ஒன்றும் தோன்றவில்லை. வாங்கிப் பெட்டிக்குள் வைத்தேன். டாக்ஸி கட்டடத்தைத் தாண்டும்வரை அவள் கையசைத்துக்கொண்டே நின்றாள். டாக்ஸிக்காரரிடம் விமான நிலையம் என்றுதான் முதலில் சொன்னேன். நெடுஞ்சாலைக்கு ஏறிய பிறகுதான் மாற்றிச் சொன்னேன்.

ஹோட்டல் அழகானதுதான். வெளிறிய மரச் சுவர், சாம்பல் நிறக் கம்பளிப் போர்வை, மேசையில் ஒரு மெழுகுவர்த்தி. அலுமாரி இல்லை. சுவரில் மர முளைகள். கோட்டைக் கொழுவினால் எப்போதும் ஒரு ஆள் அறைக்குள் நிற்பதுபோல் இருந்தது. விளக்குக்குச் சுவிட்ச் எங்கே என்று தேடிக் களைத்தேன். சன்னலருகே இருந்த நாற்காலி பார்ப்பதற்கு வடிவு. இருந்தால் எழும்ப முடியாது. ஒரு கட்டில், ஆனால் தனித்தனியாக மடித்த இரண்டு போர்வைகள். ஆளுக்கொன்று போர்ப்பது அவர்கள் வழக்கமாம். இரண்டாவதை எடுத்துத் தரையில் வைத்தேன். பிறகு மனம் கேட்காமல் திரும்பக் கட்டிலில் வைத்தேன்.

வெளியே போகவும் பயம். எங்கள் ஆட்கள் இல்லாத தெரு இந்த ஊரில் எது? கீழே வரவேற்பில் நின்ற பெண்ணே தமிழ்ப் பிள்ளை. முகத்தில் தெரிந்தது. அவளோடு ஆங்கிலத்தில் மட்டும் பேசினேன். எங்கிருந்து வருகிறீர்கள் என்று கேட்டபோது மொன்றியல் என்றேன். ஒரு பொய்க்குக் காவலாக இன்னொன்று.

அடுத்த நாள் மத்தியானத்துக்குப் பின் போன் அடித்தது. அவன். வீடியோ. எழும்பி ஓடிப்போய்ச் சன்னல் மறைப்பை இழுத்து விட்டேன். நோர்வேயில் அந்த நேரம் இருட்டியிருக்க வேண்டும். மெழுகுவர்த்தியைக் கொளுத்தினேன். அதற்குள் அழைப்பு நின்றுவிட்டது. நானே திருப்பி எடுத்தேன்.

தலைமயிர் கழுத்துவரை வளர்ந்திருந்தது. உச்சியில் அந்தக் கொத்து.

“உங்கை இப்ப என்ன நேரம்?”

ஆறு மணித்தியாலம் கூட்டிச் சொன்னேன்.

“வீட்டைக் காட்டு பாப்பம்.”

சுவரைக் காட்டினேன். மெழுகுவர்த்தியைக் காட்டினேன். கட்டிலின் ஒரு மூலையைக் காட்டினேன்.

“மகள் வசதியாத்தான் இருக்கிறாள். அவள் எங்கை?”

“வேலைக்குப் போட்டாள்.”

“உந்த இருட்டுக்கையோ?”

“நைட் ஷிப்ட்.”

அந்த நேரம் வெளியே ஸ்ட்ரீட்கார் போனது. தண்டவாளம் வளையும் இடத்தில் சக்கரம் கிறீச்சிட்டு, பிறகு இரண்டுதரம் மணி அடித்தது. அவன் காதைத் திரைக்குக் கிட்டக் கொண்டுவந்தான்.

“உங்கையும் ஸ்ட்ரீட்கார் ஓடுதோ?”

“ஓம். ட்ராம் எண்டு சொல்லுறவை.”

“சத்தம் எங்கட குவீன் ஸ்ட்ரீட் கார் மாதிரியே கிடக்கு.”

“எல்லாம் இரும்புதானே மச்சான்” என்றேன்.

நாங்கள் அந்தச் சத்தத்துக்கு மேலே வருடக்கணக்காகப் படுத்து எழும்பியவர்கள். அது கேட்டால் வேலைக்கு எழும்பும் நேரம் என்று அவன் கண்ணைத் திறக்காமலே சொல்வான். அவனுக்குத் தெரிந்துவிட்டது என்று அப்போதே எனக்குத் தெரியும். தெரியாததுபோல் இருந்தேன். அவனும் அப்படியே.

அதன்பின் ஒவ்வொரு நாளும் எடுத்தான். மீன் என்ன விலை, பனி எவ்வளவு, வெள்ளைக்காரர் எங்களை எப்படிப் பார்க்கிறார்கள் என்று கேட்பான். நான் ஹோட்டலில் கண்டதை எல்லாம் நோர்வேயாக்கிச் சொன்னேன். காலையில் கறுப்புப் பாண், புகை போட்ட மீன், ஏலக்காய் போட்டுச் சுட்ட இனிப்புப் பணிஸ். அவன் ஆசையாகக் கேட்டான். சிரித்தான். இருமினான். கதை முடிந்ததும் ஒவ்வொருமுறையும் ஒன்றே ஒன்று கேட்பான்: “அப்ப எப்ப வாறாய்?”

“கெதியா வாறன்.”

போனை வைத்த பின் அறைக்குள் இருக்க முடியாது. கீழே போவேன். வரவேற்பறையில் கணப்படுப்புப் பக்கம் கொஞ்சம் இருப்பேன். யாராவது தமிழ்முகம் உள்ளே வந்தால் எழும்பி மேலே வருவேன். மேலே வந்தால் மிளகாய்த்தூள் மணந்தது. அத்தனை பை சுற்றியும் மணந்தது. பெட்டிக்குள் வைத்தேன், குளியலறைக்குள் வைத்தேன், சன்னலுக்கு வெளியே தொங்கவிடலாமா என்றுகூட யோசித்தேன். ஊரில் பௌதிக வாத்தியாராக இருந்தவன், வாசம் பரவுவதைப் பற்றி வகுப்பெடுத்தவன். ஒரு தூள் பையை அடக்க முடியவில்லை.

ஒரு நாள் அவன் எடுத்தபோது குரல் மெதுவாக இருந்தது. வீடியோ போடவில்லை.

“மச்சான், நாளைக்கு நோர்வேயிலை இருந்து வெளிக்கிடு. வாசல்லை ஸ்ட்ரீட்கார் வரும். ஏறு. யங் ஸ்ட்ரீட்டிலை இறங்கிச் சப்வே எடு. மிச்ச வழி உனக்குத் தெரியும்.”

சன்னல் மறைப்பை விலக்கிவிட்டேன்.

“கத்தரிக்கோலை மறந்திடாதை” என்று சொல்லி வைத்துவிட்டான்.

இங்கேதான் நான் சொல்ல வந்தது இருக்கிறது. பயந்து ஓடியது ஒரு பிழை. அதை அவன் பிடித்து, சிரித்து, வழியும் காட்டிவிட்டான். அடுத்த நாள் காலையில் நான் போயிருக்க வேண்டும். போகவில்லை. பிடிபட்ட வெட்கம். எந்த முகத்தோடு போவது என்று யோசித்துக்கொண்டு, ஹோட்டலில் சோனா என்று சொல்லும் வேர்வை அறையில், மரப் பலகையில், துவாயைச் சுற்றிக்கொண்டு இருந்தேன். வெளியே வந்து குளிர்ந்த தண்ணீரில் நின்றேன். மறுபடி உள்ளே போனேன். அன்று போன் அடிக்கவில்லை. பின்னேரம்வரை அதைக் கையில் வைத்துக்கொண்டு நடந்தேன். நானாக எடுக்கவில்லை.

மறுநாள் விடிந்ததும் பெட்டியைக் கட்டினேன். காலைச் சாப்பாட்டு மேசையில் ஒரு ஏலக்காய்ப் பணிஸை எடுத்துக் கடதாசித் துவாயில் சுற்றிச் சட்டைப் பையில் வைத்தேன். அறைத் திறப்பைக் கொடுக்கப் போனபோது வரவேற்பில் நின்ற அந்தப் பிள்ளை தமிழில் பேசினாள்.

“அங்கிள், ரூம் க்ளீன் பண்ணப் போனவை என்னைக் கூப்பிட்டுக் கேட்டவை, என்ன ஸ்மெல் எண்டு. நான் சொன்னன், இட்ஸ் ஓகே, எங்கட வீட்டுத் தூள்தான் எண்டு.” சிரித்தாள். “மொன்றியல்லையும் நல்ல தூள் போல.”

“ஸ்கார்பரோத் தூள் பிள்ளை” என்றேன். அந்த வாரத்தில் நான் சொன்ன முதல் உண்மை அது.

குவீன் வீதியில் கொஞ்சம் நடந்துபோய் நாங்கள் இருந்த வீட்டைக் கண்டேன். கீழே இப்போது செடி விற்கிறார்கள். ஸ்ட்ரீட்கார் வர நேரமெடுத்தது. அவன் சொன்ன வழியிலேயே போனேன்.

ஆஸ்பத்திரி அறையில் அவன் மனைவி இருந்தாள். என்னையும் பெட்டியையும் பார்த்தாள். நான் தூள் பொட்டலத்தை எடுத்து மேசையில் வைத்தேன். “நான் நோர்வேக்குப் போகேல்லை” என்றேன்.

“தெரியும் அண்ணை. இவர் முதல் நாளே சொல்லிப்போட்டார்.” பொட்டலத்தைத் தூக்கி என் கையிலேயே தந்தாள். “பிரிட்ஜிலை வையுங்கோ. வெளியிலை கிடந்தால் வண்டு பிடிக்கும்.”

கட்டிலில் கிடந்தவனைப் பார்த்தேன். தலையில் மயிர் இல்லை. முந்தின நாள் அவன் மருமகன் மெசினோடு வந்து ஒட்ட வழித்துவிட்டிருக்கிறான். நான் வேர்வை அறையில் இருந்த அதே நாள். நான் வருவேன் என்று மத்தியானம்வரை பார்த்துவிட்டு, சரி, வழி என்றானாம். இரண்டு சுழியும் வெறும் தோலில் பக்கத்தில் பக்கத்தில் தெரிந்தன.

அவன் கண்ணைத் திறந்தான்.

“பிளைட் லேட்டோ?”

“ஓம் மச்சான்.”

“நோர்வேயிலை இருந்து என்ன கொண்டுவந்தனி?”

பணிஸைப் பிரித்து மூக்கருகே பிடித்தேன். சாப்பிட முடியாதவன். மெதுவாக மணந்தான்.

“ஏலக்காய்” என்றான். “நீ உண்மையாத்தான் சொல்லியிருக்கிறாய்.”

அவன் மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சிரித்தாளா அழுதாளா என்று தெரியவில்லை. நான் கத்தரிக்கோலைக் கையில் எடுத்து வைத்திருந்தேன், எதற்கு என்று தெரியாமல். அவன் அதைக் கண்டான்.

“வெட்டுறதுக்கு ஒண்டும் இல்லையெண்டு பாக்கிறியோ? மருமோன் அவசரக்காரன். காதிலை கிடக்கிறதை விட்டுட்டான். அதையாவது வெட்டு.”

உண்மைதான். இரண்டு காதிலும் நரைத்த மயிர் நீண்டு நின்றது. நான் கட்டிலோரம் இருந்து அவன் தலையைக் கையில் பிடித்தேன். நான் பயந்த அளவு பாரமற்றுத்தான் இருந்தது. அவன் கண்ணை மூடி, பார்க்டேலில் சாய்ப்பதுபோல், கேட்காமலே ஒரு பக்கம் சாய்த்துத் தந்தான். ஒவ்வொரு மயிராக வெட்ட நிறைய நேரம் எடுத்தது. முடிந்ததும் விரலால் தடவிப் பார்த்தான்.

“ஒரு பக்கம் கூடப் போச்சு.”

ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் சொல்வது அது.

அதன்பின் தினமும் போனேன். அவன் அதிகம் பேசவில்லை. பேச அவனால் முடியவில்லை. பேசக்கூடிய நாட்கள் அவனுக்கு இருந்தன. அவற்றை நான் நோர்வேயின் காலநிலை சொல்லிக் கழித்தேன். அவன் என்னிடம் கேட்க வேறு ஏதாவது இருந்ததா என்று இப்போது யோசிக்கிறேன். அவன் மனைவி இல்லை என்கிறாள். அவளுக்கு என்மேல் இரக்கம்.

செத்தவீட்டில் பெட்டிக்குள் கிடந்தவனைப் பார்த்தவர்கள் மொட்டை அவனுக்கு வடிவாகத்தான் இருக்கிறது என்றார்கள். நான் காதுகளைத்தான் பார்த்தேன்.

லிப்டில் இப்போதும் யாராவது கேட்பார்கள்: “நோர்வே எப்பிடி அண்ணை, சரியான குளிரோ?” நான் அங்கே போகவில்லை என்று சொல்கிறேன். ஏன், என்ன நடந்தது என்று அவர்கள் கேட்பதற்குள் லிப்ட் அவர்களின் மாடியில் நின்றுவிடுகிறது. மிச்சத்தைச் சொல்ல நேரம் கிடைப்பதில்லை. அதனால்தான் எழுதினேன்.