கத்திரி கடையின் பின்மண்டைப் படங்கள்

முடிவெட்டும் கடைக்காரரை, அவர் பெண்டாட்டி தவிர, தெருவே கத்திரி என்றுதான் கூப்பிட்டது. ஆள் பரம சாது. யாரிடமும் முடியாது என்று சொல்ல அவருக்கு வாய் வராது. எதிர்ச்சாரியில் ஏசி போட்டுப் பெரிய சலூன் திறந்தவர் வந்து, "இதை மூடிட்டு ஒண்ணாம் தேதியிலேருந்து எங்கிட்ட வந்துடு தம்பி, ஒரு நாற்காலி உனக்குத்தான்" என்றபோதும் கத்திரி தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். வாடிக்கை பாதியாகக் குறைந்திருந்த நேரம். பதில் சொன்னது பெண்டாட்டிதான்.

"வருவாருண்ணே."

அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்கவில்லை. இருபத்திரண்டு வருஷம் சொந்தக் கடையில் நின்ற மனுஷன், இன்னொருத்தரிடம் போய்க் கைகட்டி நிற்பதா? அந்த முகத்தைப் பார்க்க அவளுக்கே பாவமாகிவிட்டது.

"சரி, இன்னும் ரெண்டு வாரம் இருக்கில்ல? ஃபேஸ்புக்ல நம்ம கடைக்கு ஒரு பேஜ் போடுறேன். வெட்டி முடிச்சதும் ஒவ்வொருத்தரையும் அழகா போட்டோ எடுங்க. கூட்டம் வந்தா பார்ப்போம். வரலைன்னா மூட்டையைக் கட்டிக்கிட்டு எதிர்க்கடைக்குக் கிளம்புங்க."

நான்கு நாள் கழித்து அவர் போனை வாங்கிப் பார்த்தவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. பத்தொன்பது படம். பத்தொன்பதும் பின்மண்டை!

"ஏங்க, மூஞ்சி எங்க?"

"மூஞ்சி அவங்கவங்க அப்பா அம்மா குடுத்தது. பின்கழுத்துதானே என் வேலை? கை சுத்தம் அங்கதான் தெரியும். மூஞ்சி விழாதுன்னதும் எல்லாரும் சந்தோஷமா எடுத்துக்கச் சொல்லிட்டாங்க."

"கஷ்டகாலம்! இதைப் பார்க்க எவன் வருவான்?"

வேறு படம் ஏது? தலையில் அடித்துக்கொண்டே வரிசையாக நம்பர் போட்டு ஏற்றினாள்.

மறுநாள் மத்தியானம் முதல் கமெண்ட் வந்தது. "நாலாம் நம்பர் எங்க வீட்டுக்காரர்! காதுக்குப் பின்னால மச்சம் இருக்கு. ஆபீஸ்ல மீட்டிங்னு சொன்னாரே, இங்கதான் மீட்டிங்கா?" என்று ஒரு அம்மா பொரிந்து தள்ளியிருந்தார். அதன் கீழே ஒருவன், "பதினொண்ணு எங்க கணக்கு வாத்தியார். அவர் போர்டுல எழுதும்போது மூணு வருஷம் இந்த மண்டையைத்தானே பார்த்தோம்" என்று எழுத, அந்த வகுப்பே திரண்டு வந்து சிரித்தது.

அவ்வளவுதான், பற்றிக்கொண்டது. யார் மண்டை எது என்று கண்டுபிடிப்பதே தெருவுக்குப் பொழுதுபோக்காகிவிட்டது. கண்டுபிடித்தவர்கள் தங்கள் தலையையும் கொண்டுவந்து கொடுத்தார்கள். "என் பின்மண்டையை இத்தனை வயசுல நானே பார்த்ததில்லைப்பா" என்று போட்டோவைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார் ஒரு பேருந்து ஓட்டுநர். பெண்டாட்டி கடையிலேயே உட்கார்ந்து வரிசைக்குப் பெயர் எழுத வேண்டியதாயிற்று.

மாசக் கடைசி நாள். பெஞ்சு நிறைந்து, வாசலில் மூன்று பேர். சவரத்துக்கு வந்திருந்த கணக்கு வாத்தியாரின் கழுத்தில் கத்தி வைத்த நேரம் பார்த்து எதிர்க்கடைக்காரர் போன் போட்டார். பெண்டாட்டி ஸ்பீக்கரில் போட்டாள்.

"நாளைக்குக் காலையில ஒன்பது மணிக்கு வந்துடுவ இல்ல தம்பி?"

கத்திரி பெஞ்சைப் பார்த்தார். "அது வந்து... அண்ணே..." என்றார்.

அவள் போனை வாயருகே கொண்டுபோனாள்.

"அண்ணே, வருவாருன்னு சொன்னது நான். அவரைக் கேட்காம சொன்னது என் தப்பு. அவர் வரமாட்டார். உங்களுக்கு முடி வெட்டணும்னா புதன்கிழமை வாங்க, அதுவரைக்கும் இங்க இடமில்ல."

பெஞ்சு கொல்லென்று சிரித்தது. கத்திரிக்குக் கண் கலங்கி, கண்ணாடியில் எதுவும் சரியாகத் தெரியவில்லை.

"ஆடாதீங்க சார்" என்றார்.

"நான் ஆடலைப்பா" என்றார் வாத்தியார். "உன் கைதான் ஆடுது."