வால் கயித்தச் சுத்துனது யாரு?

முதல்லயே சொல்லிடறேன், நான் பிசிக்ஸ் படிக்கிற பொண்ணு. பேய், ஆவி, காத்து கருப்புன்னு யாராவது ஆரம்பிச்சா, "அன்னிக்கு காத்து எந்தப் பக்கம் அடிச்சுது, லைட் எங்க இருந்துச்சு"ன்னு குறுக்கு விசாரணை பண்ற ஆளு. பஸ்ல பொண்ணுங்க இந்த மாதிரி கதை பேசுனா என்னைய மட்டும் முன் சீட்டுக்குத் தள்ளிடுவாங்க. அதனால நீங்க இதப் படிச்சுட்டு சிரிச்சா எனக்குக் கோவம் வராது, போன மார்ச் வரைக்கும் நானும் உங்க பக்கம்தான் உக்காந்திருந்தேன். இன்னொண்ணு, இதுல ராத்திரியும் கிடையாது, பாழடைஞ்ச பங்களாவும் கிடையாது. லாஸ்பேட்டைல எங்க காலேஜ் கிரவுண்ட்ல, சாயங்கால வெயில்ல, ஊரே பாத்துக்கிட்டு இருக்கறப்ப நடந்தது.

எங்க காலேஜ்ல மகளிர் மன்றம்னு ஒண்ணு இருக்கு. மகளிர் தினம் வந்தா கோலப் போட்டி, மெஹந்தி, அடுப்பில்லாச் சமையல், அவ்ளோதான், அடுத்த மார்ச் வரைக்கும் தூக்கம். இந்தத் தடவை ஜெனி செயலாளர் ஆனா. ஜெனி வீட்டுல பாதிப் பேர் பிரான்ஸ்ல, மீதிப் பேர் இங்க, டென்ஷன் ஆனா "அலே! அலே!"ன்னுதான் கத்துவா, பிரெஞ்சுல 'விடாத, போ போ'ன்னு அர்த்தம். வந்த முதல் கூட்டத்துலயே மேசையத் தட்டி, "மன்றத்துக்கு கிரவுண்ட் வேணும்"னா. அத அவ கேட்டதே வளர்மதிக்காகத்தான். வளர் கனகசெட்டிக்குளம் மீனவக் குப்பத்துப் பொண்ணு, கபடில புலி. யூனிவர்சிட்டி டீம் செலக்‌ஷன் வருது, ஆனா கிரவுண்டு தினமும் கிரிக்கெட் பசங்க கையில. எங்க கபடி டீம் கேன்டீனுக்குப் பின்னாடி சிமெண்ட் தரையில விழுந்து எழுந்துக்கிட்டு இருந்துச்சு. வளர் முட்டியப் பாத்தா நீங்களே அழுதுடுவீங்க.

பி.டி. சார்கிட்டப் போய்க் கேட்டோம். அவரு சிரிச்சாரு. "கிரிக்கெட் டீமோட கயிறு இழுத்து ஜெயிங்கம்மா, வாரத்துல ரெண்டு நாள் கிரவுண்ட் உங்களுக்கு"ன்னாரு. விளையாட்டுக்குச் சொன்னாரு பாவம். ஜெனி அதை அப்பவே போன்ல ரெக்கார்ட் பண்ணி பிரின்சிபால் மேடத்துக்கே அனுப்பிட்டா!

அடுத்த தலைவலி, கயிறு. ஸ்போர்ட்ஸ் ரூம் கயிறு இத்துப்போய் நூல் நூலாத் தொங்குது. வளர்தான் சொன்னா, "எங்க வீட்டுல கரைவலைக் கயிறு கெடக்கு"ன்னு. கரைவலைன்னா, கடல்ல வலைய வளைச்சுப் போட்டுட்டு, கரையில நின்னு ரெண்டு பக்கமும் கூட்டமா இழுப்பாங்க இல்ல, அந்தக் கயிறு. நானும் ஜெனியும் ஸ்கூட்டர்ல போனோம். வளரோட அப்பா கொட்டாய்லேர்ந்து தூக்கிட்டு வந்தாரு. நல்ல தடி நார்க்கயிறு, காஞ்சு மொடமொடன்னு, தட்டுனா தூசிதான் வருது. "வருஷத்துக்கு மேல யாரும் தொடல, பாத்து எடுத்துட்டுப் போம்மா"ன்னாரு. காஞ்ச கயிறு, இத ஞாபகம் வெச்சுக்கங்க.

போட்டி அன்னிக்குக் கூட்டத்தக் கேக்காதீங்க, கேன்டீன் அண்ணன் கூடக் கடையப் பூட்டிட்டு வந்துட்டாரு. கிரிக்கெட் கேப்டன் பிரவீன் சட்டைக் கைய மடிச்சுக்கிட்டே, "கோலம் காஞ்சிருச்சாம், போய்ப் பாருங்க"ன்னான். ஜெனி உடனே, "தம்பி, மொதல்ல ஷூ லேஸக் கட்டு, விழுந்தா அம்மா திட்டுவாங்க"ன்னா. நான்தான் எங்க டீம்ல கடைசி ஆள், ஆங்கர். எனக்குப் பின்னாடி ஒரு ஈ காக்கா கிடையாது. பி.டி. சார் சுண்ணாம்புக் கோடு போட்டு, யாரும் பின்பக்கம் நிக்கக் கூடாதுன்னு கூட்டத்த ரெண்டு ஓரமாவும் ஒதுக்கி விட்டுட்டாரு. இதுல எனக்கு நூறு சதவீதம் உறுதி.

மூணு ரவுண்டு. முதல் ரவுண்டு, நான் வீடியோ பாத்துக் கத்துக்கிட்ட மாதிரி கயித்த இடுப்புல சுத்திக் கட்டிக்கிட்டேன். விசில் ஊதுன வேகத்துல பசங்க எங்களத் தரதரன்னு இழுத்துட்டுப் போயிட்டாங்க. நான் செம்மண்ணுல முகம் குப்புற. ஒரே விசில், ஊளை.

வளர் ஓடி வந்தா. "ஏய் நந்து, கயித்த எதுக்குடி இடுப்புல கட்டுன? வாலை விடு. பின்னாடி நல்லா நீளமா விடு. வால் சுத்துறவங்களுக்கு."

"யாரு சுத்தப் போறாங்க?"

அவ ஒரு செகண்ட் முழிச்சா, அப்புறம் சிரிச்சுட்டா. "அட, பழக்க தோஷம்டி. எங்க கரையில இழுக்கறவங்களுக்குப் பின்னாடி ஒருத்தர் உக்காந்து கயித்த வாங்கி வாங்கிச் சுத்துவாங்க. வாலை அவங்களுக்குன்னு விட்டுடணும், நாம கட்டிக்கக் கூடாது."

சரின்னு அவிழ்த்து விட்டேன். மிச்சக் கயிறு எனக்குப் பின்னாடி கன்னாபின்னான்னு குவிஞ்சு கெடந்துச்சு, நானே காலால தள்ளி விட்டேன்.

ரெண்டாவது ரவுண்டு. விசில். எங்க எல்லாரும் வெறுங்கால், குதிகால மண்ணுல ஊன்றிச் சாஞ்சோம். கயிறு ஆணி அடிச்ச மாதிரி நிக்குது. அப்பதான் கவனிச்சேன், என் கைக்கு முன்னாடி மட்டும் இல்ல, பின்னாடியும் கயிறு விறைப்பா இருக்கு. தொங்கல. நம்புனா நம்புங்க, யாரோ பிடிச்சிருக்கற கயிறு எப்படி இருக்கும்னு கைக்குத் தெரியும். காதுக்குப் பக்கத்துல ஒரு பொம்பளக் குரல், அவசரமே இல்லாம, "இழுக்காத. நில்லு. அவனுங்க மூச்சு வாங்கட்டும்"னுச்சு. நான் எங்க மன்றத்து சுகந்தி மேடம்தான்னு நெனச்சுக்கிட்டேன். "நில்லு! யாரும் இழுக்காதீங்க!"ன்னு முன்னாடி கத்துனேன். எட்டுப் பேரும் மரமா நின்னோம். எதிர்ல பசங்க முகம் செவக்குது. "இப்போ"ன்னுச்சு குரல். "இப்போ!"ன்னேன். ஓரமா நின்னு வீடியோ எடுத்துக்கிட்டு இருந்த ஜெனி "அலே!"ன்னு அலறுனா பாருங்க, ஒரே இழு, பசங்க நாலு எட்டு முன்னாடி வந்துட்டாங்க!

மூணாவதும் அதே மாதிரிதான், காதுக்குப் பக்கத்துல அதே குரல். நில்லு, மூச்சு, இப்போ. நில்லு, மூச்சு, இப்போ. நாங்க பின்னாடி பின்னாடி போறோம், பிரவீன் சறுக்குறான், கேன்டீன் அண்ணன் கரண்டிய ஆட்டிக் கத்துறாரு, எனக்குத் தொண்டை கிழியுது, உடம்பெல்லாம் கரண்ட் ஓடுது. அந்த சந்தோஷத்துலயும் ஒண்ணு மட்டும் மண்டையில தட்டுச்சு. பின்னாடி அவ்ளோ கயிறு குவிஞ்சு கெடக்கே, நான் ரிவர்ஸ்ல போறேனே, காலு தடுக்கணுமே? ஒரு தடவ கூடத் தடுக்கல.

ஜெயிச்சுட்டோம். வளரத் தூக்கிச் சுத்துறாங்க, பொண்ணுங்க அழுவுறாங்க. பி.டி. சார் கை கொடுத்து, "செவ்வாய், வெள்ளி உங்களுது"ன்னு எல்லாரும் கேக்கச் சொன்னாரு. நான் சுகந்தி மேடத்தத் தேடி ஓடி, "தேங்க்ஸ் மேடம், நீங்க மட்டும் பின்னாடி நின்னு சொல்லலன்னா"ன்னேன். அவங்க புரியாமப் பாத்தாங்க. "நான் பிரின்சிபால் பக்கத்துல பந்தல்லதானே உக்காந்திருந்தேன் நந்தினி? எழுந்துக்கவே இல்லியே."

திரும்பிப் பாத்தேன். வளர் கயிறு வால்கிட்டத் தனியா நின்னுக்கிட்டு இருந்தா. முகத்துல ஜெயிச்ச களையே இல்ல.

நான் காலால தள்ளி விட்ட குவியல் அங்க இல்ல. கயிறு வட்டமா, அடுக்கு அடுக்கா, தட்டுல வெச்ச முறுக்கு மாதிரி அழகாச் சுத்தி வெச்சிருந்துச்சு.

"யாருடி சுத்துனது?"ன்னேன்.

"இடப்பக்கமா சுத்தியிருக்கு பாரு"ன்னா வளர், மெதுவா. "எல்லாரும் வலப்பக்கமா சுத்துவாங்க. எங்க பெரியத்தை இடது கைக்காரங்க. எங்க குடும்பத்துல பொம்பளைங்க வலைல கை வெக்கறது இல்ல, அவங்க மட்டும் சண்டை போட்டு வந்து வால்ல உக்காந்தாங்க. ஆம்பளைங்க அவசரப்பட்டா அதட்டுவாங்க. இது அவங்க சுத்துற கயிறு. அவங்க போனதுக்கு அப்புறம்தான் அப்பா கொட்டாய்ல போட்டுட்டாரு."

"என்னன்னு அதட்டுவாங்க?"

"'நில்லு, மூச்சு வாங்கட்டும்'னு."

நான் அவகிட்ட அந்தக் குரலப் பத்தி அதுவரைக்கும் ஒரு வார்த்தை சொல்லல. கத்துனது "நில்லு"வும் "இப்போ"வும்தான். மூச்சுன்ற பேச்சே என் வாயில வரல, ஜெனி எடுத்த வீடியோவ ஆயிரம் தடவ ஓட்டிப் பாத்துட்டேன். அதுலயும் என் பின்பக்கம் விழல, முக்கியமான நேரத்துல போன் பசங்க பக்கம் திரும்பிடுது.

ரெண்டு பேரும் சேர்ந்து சுருளைத் தூக்குனோம். எங்க கிரவுண்டு முழுக்கச் செம்மண்ணு. கயித்துக்கடியில வெள்ளையா கடல் மணல், ஈரமா, கைல ஒட்டுச்சு.

நீங்க சொல்லப் போறது எனக்குத் தெரியும். கயித்துல ஒட்டியிருந்த மணலா இருக்கும், கூட்டத்துல எவளாவது விளையாட்டுக்குச் சுத்தியிருப்பா, பதட்டத்துல காது என்னமோ கேட்டிருக்கும். உராய்வு, வெறுங்கால், சாய்ஞ்ச கோணம்னு ஜெயிச்சதுக்குக் கணக்கும் நானே போட்டு வெச்சிருக்கேன், சரியாத்தான் வருது. இழுத்தது நாங்க எட்டுப் பேர், அத நான் யாருக்கும் விட்டுக் கொடுக்க மாட்டேன். ஆனா காஞ்ச கயித்துக்கடியில ஈர மணல் எப்படி வந்துச்சு, அதுக்கு மட்டும் கணக்கு வரல.

வளர் யூனிவர்சிட்டி டீம்ல இருக்கா இப்ப. செவ்வாயும் வெள்ளியும் கிரவுண்டுல எங்க சத்தம்தான், வந்து பாருங்க.

ஒண்ணு மட்டும் யார்கிட்டயும் சொல்லல. போன வாரம் என் தங்கச்சி என் சார்ஜர் வயரக் கையில எடுத்து, "நந்து, தலைகீழா சுத்தியிருக்கே, நீ எப்பலேர்ந்து இடது கைக்காரி ஆன?"ன்னா. வயர் சின்ன வட்டமா, அடுக்கு அடுக்கா, இடப்பக்கமா சுத்தியிருந்துச்சு. அன்னிலேர்ந்து வீட்டுல எல்லாத்தையும் பாக்குறேன், இயர்போன், துணிக்கொடி, அயர்ன் பாக்ஸ் வயரு. எல்லாம் நான் சுத்துனதுதான். எல்லாம் இடப்பக்கமா. வேணும்னே வலப்பக்கமா சுத்திப் பாத்தேன், கை கோணலா போவுது, பழக்கமே இல்லாத மாதிரி.