தவறணை எந்தப் பக்கம்?

எங்கள் ஊர் வாட்ஸ்அப் குழுவில் மூன்று நாளாகச் சண்டை. யாரோ பழைய கிளிநொச்சிக் கடைத்தெருப் படம் போட்டிருந்தார்கள். அதில் போட்டோ ஸ்ரூடியோவுக்கு இடப்பக்கம் கள்ளுத் தவறணை.

"இல்லை, வலப்பக்கம். நான் குடிச்ச இடம் எனக்குத் தெரியாதோ?" என்றார் ஓர் அண்ணை.

"குடிவெறியில பார்த்திருப்பியள்" என்று எழுதியது நான்தான். போய்ப் பார்க்க இப்போது அங்கே இரண்டு கடையும் இல்லை.

இன்று பூநகரி பஸ்ஸில் அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் இருந்த அம்மா எட்டிப் பார்த்தார்.

"தம்பி, ஒருக்கால் பெருசாக்குங்கோ."

தவறணை வாசலில் நிற்பவரைத் தொட்டுக் காட்டினார்.

"இடப்பக்கம் இருக்கவேண்டிய சேர்ட் பொக்கற் வலப்பக்க நெஞ்சில கிடக்கு, பாருங்கோ. நெகட்டிவ்வைப் பிரட்டிப் போட்டு அடிச்ச படம். என்ர பிழைதான். அந்த ஸ்ரூடியோவில நான்தான் படம் கழுவினனான்."



"சரியா அடிச்ச படம் இருக்கோ அம்மா?"

"அதெல்லாம் சண்டையில ஸ்ரூடியோவோட போயிட்டுது. இது பழுதெண்டு தவறணைக்காரருக்குச் சும்மா குடுத்தது."

ஒரு முழுத் தெருவில் மிஞ்சியது இந்த அம்மா விட்ட பிழை ஒன்றுதான். அவர் இறங்கியதும் குழுவில் எழுதினேன்:

அண்ணை, மன்னிச்சுக்கொள்ளுங்கோ. நீங்கள் நிதானமாகத்தான் இருந்திருக்கிறீர்கள். வெறியில் நின்றது படம்தான்.