மடங்காத முழங்கால்

ஐம்பதுகளின் நடுவில், மதராஸில் உடற்பயிற்சி வைத்தியம் படித்துவிட்டுப் போடிநாயக்கனூரில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்தேன். எலும்பு முறிந்தவர்களையும் பக்கவாதம் வந்தவர்களையும் மறுபடி நடமாட வைப்பது என் வேலை. ஊரில் அதற்குப் பெயர் கிடையாது. ‘கால் பிடிச்சுவிடுற அம்மா’ என்றார்கள். கருவிகளும் கிடையாது. கடைத்தெருவில் கிணற்று உருளை ஒன்று வாங்கி உத்தரத்தில் மாட்டினேன். பழந்துணியில் பை தைத்து மணல் நிரப்பிக்கொண்டேன்.

மலைத்தோட்டத்தில் ஏலக்காய் எடுக்கிற பெண் ஒருத்தியை ஒருநாள் ஜீப்பில் கொண்டுவந்தார்கள். சரிவில் வழுக்கி விழுந்ததில் தொடை எலும்பு முறிந்திருந்தது. மாதக்கணக்கில் போட்டிருந்த மாவுக்கட்டைப் பிரித்தபோது எலும்பு நன்றாகக் கூடியிருந்தது. முழங்கால்தான் கட்டையாக விறைத்துப் போயிருந்தது.

தினமும் வெந்நீர் ஒத்தடம் கொடுத்து, உருளையில் கயிறு போட்டு மடக்குவேன். அவளுக்குக் கண்ணீர் வழியும்; போதும் என்று ஒருநாளும் சொன்னதில்லை. பக்கத்துக் கிராமமான சிலமலையில் மாமன் வீட்டில் தங்கிப் படித்துக்கொண்டிருந்த அவள் மகள் லீவு நாட்களில் வந்து பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள்.

நாற்காலியில் உட்காரும் அளவுக்குக் கால் மடங்கிய அன்று எனக்குப் பெருமை தாங்கவில்லை. நான் படித்த படிப்பின்படி அந்த அளவு மடங்கினாலே குணமானதுதான். டாக்டரும் வீட்டுக்கு அனுப்பலாம் என்றார். அவள் மட்டும் சுவரைப் பிடித்துக்கொண்டு தரையில் குந்திப் பார்த்தாள். பாதியில் நின்றுவிட்டது.

“யம்மா, காயி செடி உச்சியில காய்க்காது. தூர்ல, தரையோட கெடக்கும். நாள் பூராம் குத்தவச்சுத்தான் எடுக்கணும். இந்தக் காலை வச்சுக்கிட்டு நான் என்ன சோலி பாப்பேன்?”

ஏலச்செடியை நான் அதுவரை பார்த்ததுகூட இல்லை.

மேலும் சில வாரம் போராடினோம். மயக்க மருந்து கொடுத்து மடக்கலாமா என்று டாக்டரைக் கேட்டேன். கூடிய எலும்பு மறுபடி முறியும் என்று மறுத்துவிட்டார். அவர் சொன்னது சரிதான். அவள் புருஷன் தோட்டத்துக் கங்காணியிடம் காய் தரம் பிரிக்கும் வேலையாவது கேட்டுப் பார்த்தான். அங்கே ஆள் இருக்கிறது, கூலியாட்கள் குடியிருக்கும் லயத்தில் வீடு வேண்டுமென்றால் வீட்டுக்கு இரண்டு பேர் காய் எடுக்க வரவேண்டும் என்று சொல்லிவிட்டார்களாம். அவளைச் சிலமலையில் அண்ணன் வீட்டில் விட்டுவிட்டு அவன் மலையேறினான்.

அடுத்த காய் எடுப்பின்போது அவளைப் பார்க்கச் சிலமலைக்குப் பஸ்சில் போனேன். வரப்பில் கம்பு ஊன்றாமல், நொண்டாமல் நடந்து வந்தாள். நான் பாராட்டினேன். மகள் பள்ளிக்கூடம் போயிருக்கிறாளா என்று கேட்டேன்.

“அவுக அப்பா மேல கூட்டிட்டுப் போயிட்டாரு. என் எடத்துல இப்ப அவதான் காய் எடுக்குறா” என்றாள். மேலே அட்டைக்கடியும் குளிரும் பிள்ளைக்குத் தாங்காது என்றும், போர்வை ஒன்று கொடுத்துவிட்டிருப்பதாகவும் சொன்னாள்.

அவள் அண்ணி கொடுத்த மோரைக் குடித்துவிட்டுப் புறப்பட்டேன். வேண்டாம் என்றாலும் கேட்காமல், பஸ் நிற்கும் ரோடு வரைக்கும் அவள் என்னோடு நடந்து வந்தாள்.