சிமெண்டைத் துப்பிய சுவர்

பேய் பிசாசு என்று யாராவது வாயைத் திறந்தால் முதல் ஆளாகச் சிரிப்பவன் நான். நீங்களும் இப்போது சிரிப்பீர்கள், சிரித்துக்கொள்ளுங்கள். புனேயின் பழைய பேட்டையில், பேஷ்வா காலத்துப் பெரிய வீடு ஒன்றை ஹோட்டலாக மாற்றும் காண்ட்ராக்ட் எனக்கு வந்தது. முதலாளிக்கு எல்லாமே புதுசு மாதிரி வழவழவென்று இருக்க வேண்டுமாம். சரி என்று பழைய சுண்ணாம்பைக் கொத்தி எறிந்துவிட்டு சிமெண்ட் பூசினேன். கிரில் வேலைக்கு என் மனைவியின் தம்பி செந்தில் வந்திருந்தான். கோயம்புத்தூரில் சும்மா இருந்தவனை நான்தான் அழைத்து வந்தேன், வெல்டிங்கில் கெட்டிக்காரன்.

நம்பினால் நம்புங்கள், மறுநாள் காலையில் போனால் பூச்சு முழுக்கத் தரையில் கிடந்தது. கம்பி வலை அடித்துப் பூசினோம், வலையையும் சேர்த்துச் சுவர் துப்பியது. விடுவேனா, மறுபடியும் பூசினேன். பட்டப்பகலில், என் கண்ணெதிரே, யாரோ ஓங்கி எறிந்த மாதிரி ஒரு பாளம் பறந்து வந்து என் நெற்றியைப் பிளந்தது.

கோபம் வந்தால் எனக்குக் கண்மண் தெரியாது. சுவர் உடைக்கும் மெஷினை எடுத்து நடுச்சுவரில் குத்தினேன். மெஷினின் உளி உள்ளே போய் மாட்டிக்கொண்டது. செந்தில் ஓடிப்போய் பிளக்கைப் பிடுங்கினான், மெஷின் நிற்கவில்லை, கரண்டே இல்லாமல் ஓடிக்கொண்டு என்னை உள்ளே இழுத்தது.

"கைய எடுங்க மாமா, நான் பாத்துக்கறனுங்க" என்று என்னைத் தள்ளிவிட்டு, உளியைப் பிடுங்க ஓட்டைக்குள் கைவிட்டான். செங்கற்கள் மூடிக்கொண்டன. அவன் எலும்பு நொறுங்குகிற சத்தம் எனக்குக் கேட்டது.

சம்மட்டியால் சுவரை அடித்தேன், அடிக்க அடிக்க இறுகியது. அவனுக்கு எப்படித் தோன்றியதோ, "சிமெண்டப் பேத்துருங்க மாமா" என்று முனகினான். மிச்சமிருந்த சிமெண்டைக் கை உளியாலும் நகத்தாலும் பெயர்த்தேன், கையெல்லாம் ரத்தம். கடைசிச் சில்லு விழுந்ததும் சுவர் அவனை விட்டது.

அந்த வேலையை அன்றோடு உதறிவிட்டேன். செந்தில் பிழைத்துக்கொண்டான், ஆனால் விரல்கள் மடங்காது, வெல்டிங் போயே போச்சு. புனேயிலேயே ஹடப்சரில் எங்கள் ஃப்ளாட்டில்தான் இருக்கிறான்.

அந்தக் காலத்தில் இந்த மாதிரிச் சுவர் கட்ட, சுண்ணாம்போடு வெல்லம் சேர்த்து அரைப்பார்களாம். செந்தில் தூங்கும்போது எறும்புகள் சாரை சாரையாக வரும். சர்க்கரை டப்பா பக்கம் எட்டிக்கூடப் பார்க்காது, நேராக அவன் கைத் தழும்புக்குள்தான் போகும். போகிற எறும்பைப் பார்த்திருக்கிறேன், திரும்பி வருகிற எறும்பை இன்றுவரை பார்த்ததில்லை.