நாவற்குடாவில் பதினைந்து பேர்ச்

மூன்று வெள்ளைத் தாள்களுக்கிடையே இரண்டு காபன் தாள்களை வைத்து, விளிம்புகளை மேசையில் தட்டிச் சமன் செய்து, அன்னப்பூரணியின் கைகள் தட்டச்சு இயந்திரத்தில் ஏற்றின. வடக்கே ஒழுங்கை, கிழக்கே சீனித்தம்பியின் தென்னங்காணி. ஒவ்வோர் எல்லையையும் பழைய உறுதிப் பத்திரத்தில் ஒரு தரம், நில அளவைப் படத்தில் ஒரு தரம் பார்த்த பிறகே விரல் எழுத்தில் விழுந்தது. எழுத்துப் பிழைத்தால் அழிப்பதில்லை. அழித்த இடத்தை என்றைக்காவது யாராவது வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார்கள் என்று முழுப் பக்கத்தையும் மறுபடி அடிப்பதுதான் அவளுடைய வழக்கம்.

புளியந்தீவில், காணி உறுதி எழுதும் நொத்தாரிசு நல்லரத்தினத்தின் கந்தோருக்குக் கூட்டித் துடைக்க வந்தவள் அவள். பழைய உறுதிகளை வாசித்து வாசித்தே எழுதக் கற்றுக்கொண்டாள். தொண்ணூறாம் ஆண்டுச் சண்டையில் அவளுடைய வீடும் அந்த வீட்டின் உறுதியும் சேர்ந்தே எரிந்தன. இப்போது தொண்ணூற்றேழு. வாடகை அறையிலிருந்து நடந்து வந்து, மற்றவர்களின் காணிகளை எழுதிக்கொண்டிருந்தாள்.

அந்த ஆண்டு சித்திரையில் கண்ணகை வந்தாள். சவூதியில் ஏழு வருடம் வீட்டு வேலை செய்தவள். மகளுக்குக் கல்யாணம் பேச வேண்டும். மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து இருப்பதுதான் இங்கே முறை, ஆகவே மகளின் பெயரில் வீடு கட்ட ஒரு வளவு வேண்டும். நாவற்குடாவில் கோணாமலை என்பவர் பதினைந்து பேர்ச் காணி விற்கிறார். கண்ணகை இதற்கு முன் காணி வாங்கியதில்லை. ஏழு வருட உழைப்பும் இதற்குள்தான் போகிறது. இதில் பிழை நேர்ந்தால் மறுபடி விமானம் ஏற அவளுடைய முழங்கால் இடம் கொடுக்காது.

நாளுக்கொரு கேள்வியோடு வந்தாள்.

"மாரி மழையில வளவுக்க தண்ணி நிக்குமா அக்கா?"

"ஆரிட்டயும் கேக்காத. வேலிக்கட்டையில தண்ணி நிண்ட ஊத்தைக்கோடு எவ்வளவு உயரத்தில இரிக்கு எண்டு போய்ப் பாரு."

பார்த்துவிட்டு வந்தாள். கணுக்காலுக்கும் கீழே.

"சண்டை முடிஞ்ச பிறகு வாங்கினா நல்லமோ?"

"முடியிற தேதி தெரிஞ்சா எனக்கும் சொல்லுகா."

கண்ணகை சிரித்தாள். சிரிப்பு அடங்குமுன் அடுத்தது. "உறுதி கள்ள உறுதியெண்டா?"

அதற்காக அன்னப்பூரணி காணிப் பதிவகத்தில் இரண்டு நாள் இருந்து, முப்பது வருடத்துப் பதிவுகளை வாசித்தாள். ஈடு வைத்த கடன் இல்லை, வழக்கு இல்லை. எண்பத்தைந்தில் கோணாமலையின் தாய் தன் வளவை அவருக்கு நன்கொடையாக எழுதியிருந்தாள். அந்த வரியில் அன்னப்பூரணியின் விரல் நின்றது. இங்கத்தைய முறைப்படி தாயின் வளவு மகளுக்கல்லவா போகும்? மகள் இல்லையா?

"தங்கச்சி ஒருத்தி, ஆச்சிப்பிள்ளை" என்றார் கோணாமலை. "வாவிக்கு அங்கால, படுவான்கரையில இரிக்கா. தன்ட விருப்பத்துக்குக் கலியாணம் கட்டினா. அம்மா கோவத்தில என்ட பேருக்கு எழுதிப்போட்டா. நான் என்ன செய்யிற? வெள்ளிக்கிழமைக்குள்ள முடியாட்டி நான் வேற ஆளுக்குக் குடுப்பன்."

"சட்டப்படி சுத்தம், அன்னம். அடிச்சு முடி" என்றார் நொத்தாரிசு.

அன்னப்பூரணி கண்ணகையை வாசலுக்குக் கூட்டிப்போனாள். "உறுதியில பிழையில்ல. ஆனா அயல் சனம் அதை ஆச்சிப்பிள்ளைட வளவெண்டுதான் சொல்லும். அவளைக் கேளாம வாங்கினா, உன்ட மகள்ட கலியாணப் பந்தலுக்குள்ள ஒருத்தரும் வரமாட்டாங்க. வேலிக்கு அங்கால நிண்டுதான் பாப்பாங்க."

கண்ணகையின் முகம் வாடிவிட்டது. "அப்ப விட்டிடவா அக்கா?"

"ஏன் விடுற? போய்க் கேளு."

வியாழக்கிழமை கண்ணகை மண்முனைத் துறைக்குப் போனாள். சோதனைச்சாவடியில் இரண்டு மணி நேரம் வெயிலில் நின்று, படகில் வாவியைக் கடந்து மேற்குக் கரைக்குப் போனாள். அன்னப்பூரணி முதலிரண்டு பக்கங்களை முடித்துவிட்டு, கடைசிப் பக்கத்தை வெறுமையாக வைத்துக் காத்திருந்தாள்.

வெள்ளி பதினொரு மணிக்குக் கண்ணகை வந்தாள். அவளுக்குப் பின்னால், பாதமெல்லாம் புழுதியாக ஒரு பெண். கோணாமலை எழுந்துவிட்டார்.

"என்ன அண்ணா, மெலிஞ்சு போனீங்க" என்றாள் ஆச்சிப்பிள்ளை. பன்னிரண்டு வருடத்துக்குப் பிறகு அதுதான் முதற் பேச்சு. அவர் தன் கதிரையை அவள் பக்கம் தள்ளினார்.

அவள் அதில் உட்கார்ந்துகொண்டு அன்னப்பூரணியைப் பார்த்தாள். "இந்தப் புள்ள வந்து கேட்டிச்சு. கூடப்பிறந்தவர் கேக்கல்ல. கேட்டாப் போதும் எனக்கு. ஒண்டு மட்டும்..." கண்ணகையிடம் திரும்பினாள். "ஆசுப்பத்திரிக்கு வந்து, ஆமி துறையை மூடிப்போட்டானெண்டா, எனக்குப் படுக்க ஒரு பாய் போடுவியா?"

"பாயென்ன அக்கா, கட்டிலே போடுறன்."

"கட்டில் வேணாம் புள்ள, உருண்டு விழுந்திடுவன்."

நொத்தாரிசுகூடச் சிரித்துவிட்டார்.

"அதையும் எழுதவா?" என்றாள் அன்னப்பூரணி. அவள் விளையாட்டாகக் கேட்கவில்லை.

"அது வேணாம்கா. சொன்னாக் காணும்" என்றாள் ஆச்சிப்பிள்ளை.

சகோதரி முழுச் சம்மதம் தெரிவிப்பதாக ஒரு பந்தியைச் சேர்த்துக் கடைசிப் பக்கத்தை அன்னப்பூரணி அடித்தாள். ஆச்சிப்பிள்ளையின் தகப்பன் பெயரில் ஓர் எழுத்துப் பிழைத்தது. கோணாமலை மணிக்கூட்டைப் பார்க்கவில்லை. தாள்களை உருவிவிட்டு, மேலிருந்து தொடங்கினாள். ஆச்சிப்பிள்ளை மையில் பெருவிரலை ஒற்றி, அமர்த்தி, எடுத்தாள்.

பதிவகத்திலிருந்து உறுதி திரும்ப ஒரு மாதமானது. அன்னப்பூரணி முத்திரையையும் எண்ணையும் சரிபார்த்து, தடித்த உறையில் இட்டு, வெள்ளை நூலால் கட்டினாள். கண்ணகை மகளோடு வந்திருந்தாள். உறையை நீட்டியபோது இரண்டு கைகளையும் முந்தானையில் துடைத்தாள். ஆனால் வாங்கவில்லை.

"அவள்ட கையில குடுங்க அக்கா."

மகள் முன்னால் வந்தாள். அன்னப்பூரணி அவளுடைய கையில் உறுதியைக் கொடுத்தாள்.