வெளுத்த குதிரை எந்தத் தறியில்?

நாரின் நகரத்துக் கால்நடை மருத்துவ நிலையத்தில் குதிரை ஏறத் தெரியாத ஒரே ஆள் புருல். சின்ன வயதில் ஒருமுறை விழுந்தாள். அதற்குப்பின் குதிரை ஓடுவதைப் பார்ப்பதோடு சரி. பார்ப்பதில் அவளுக்கு அலுப்பே கிடையாது. தலைநகர் பிஷ்கெக்கில் கணினி படித்தபோதும், நிரல் ஓடினால் மட்டும் அவளுக்குப் போதாது. உள்ளே எது எங்கே போய் உட்காருகிறது என்று தெரிந்தாக வேண்டும்.

ஊர் திரும்பியதும் மாவட்டத்துக் குதிரைகளை எல்லாம் ஹாஷ் டேபிள் என்னும் கணினி அட்டவணையில் ஏற்றினாள். குதிரையை இங்கே நிறத்தைச் சொல்லித்தான் கேட்பார்கள். அதனால் சொந்தக்காரர் பெயர், நிறம், உடம்பில் ஓர் அடையாளம் மூன்றும் சேர்ந்து சாவி ஆயிற்று. போட்ட ஊசிகளின் விவரம் அந்தச் சாவிக்குரிய மதிப்பு. சாவியைக் கொடுத்தால் நிரல் அதை ஒரு கணக்கில் போட்டு அரைத்து எண்ணாக்கும். அந்த எண்தான் அட்டவணைக்குள் அந்தக் குதிரையின் கட்டுத்தறி. வேறெங்கும் தேடாமல் நேரே அங்கே போய்விடலாம். இரண்டு குதிரைக்கு ஒரே தறி விழுந்தால், ஒன்றின் பின் ஒன்றாகக் கட்டிவைத்துச் சாவியை ஒப்பிட்டுப் பிரித்துக்கொள்ளும்.

குதிரைப் பந்தயத்துக்குப் பதியும் கடைசி நாள் காலையில், மேய்ச்சல் மலையிலிருந்து மக்சூத் இறங்கி வந்தார். அவருடைய குதிரை வெளியே லாரியில் நின்றது. ஊசிச் சான்று இல்லாமல் மைதானத்தில் விடமாட்டார்கள். மதியத்தோடு பதிவும் முடிந்துவிடும்.

'மக்சூத், வெள்ளை, இடது காதில் வெட்டு' என்று புருல் அடித்தாள். இல்லை என்றது. மறுபடி அடித்தாள். இல்லை.

மக்சூத் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். "அந்தா நிக்குது தங்கச்சி. உன் பொட்டிக்கு மட்டுந்தான் கண்ணு தெரியல."

நிரலிடம் மொத்தக் கணக்கைக் கேட்டாள். ஒரு குதிரைகூடக் குறையவில்லை. உள்ளே இருக்கிறது, கேட்டால் இல்லை. பதற வேண்டிய நேரத்தில் அவளுக்கு ஆவல் பொங்கிற்று.

"மொதல்ல பதியும்போது என்ன நெறம்ணே?"

"கருஞ்சாம்பல். குட்டியில கரிக்கட்ட மாதிரி இருப்பான். வயசானா வெளுக்காதா? உங்கப்பா தலை வெளுக்கல?"

வசந்தத்தில் ஊசி போட்டுவிட்டு வந்த மருத்துவர் நிறத்தை 'வெள்ளை' என்று திருத்தியிருந்தார். அப்படித் திருத்த வழி வைத்ததே புருல்தான். கருஞ்சாம்பல் என்று கேட்டுப் பார்த்தாள். அதற்கும் இல்லை.

கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பதிந்த அன்று கட்டிய தறியில்தான் குதிரை இன்னும் நிற்கிறது. சாவியில் எழுத்தை மாற்றினார்களே ஒழிய, குதிரையை யாரும் அவிழ்த்துக் கட்டவில்லை. வெள்ளை என்றால் கணக்கு புதுத் தறிக்கு அனுப்புகிறது, அங்கே வெறுந்தரை. கருஞ்சாம்பல் என்றால் சரியான தறிக்கே போகிறது. ஆனால் அங்கே நிற்பதன் மேல் 'வெள்ளை' என்று எழுதியிருக்கிறது. நிரல் ஒப்பிட்டுவிட்டு, இது இல்லை என்று திரும்பிவிடுகிறது.

"குதிரையக் காணோம்ங்கிறேன், சிரிக்கிறே."

"குதிர அங்கியேதான் இருக்குண்ணே. போற வழிதான் தப்பு. ஒவ்வொரு தறியா நடந்தே பாத்துர்றேன்."

சில வரிகள் எழுதினாள். மக்சூத் ரொட்டியைத் தேநீரில் நனைத்து வாயில் வைப்பதற்குள் நிரல் எல்லாத் தறியையும் சுற்றிவந்து அவருடைய குதிரையைப் பிடித்துவிட்டது. கூடவே இன்னும் பல அகப்பட்டன. எல்லாம் சாம்பல் நிறத்தில் பிறந்து வெளுத்தவை, தங்கள் இளவயதுத் தறியிலேயே நின்றிருந்தன. கறுப்பும் செம்மண் நிறமும் இடம் பிசகவில்லை.

சான்றை வாங்கி மடித்துக்கொண்டு மக்சூத் வாசலில் நின்றார். இவன் இன்னும் வெளுத்தால் என்ன செய்வாய் என்று கேட்டார். இனி நிறத்தைச் சாவியாக வைக்கப்போவதில்லை, பிறந்ததும் ஓர் எண், சாகும்வரை அதுவே என்றாள்.

"நம்பரச் சொல்லியா குதிரையக் கேப்பான் மனுசன்?" என்று முகம் சுளித்துவிட்டு லாரிக்கு ஓடினார்.

மதியத்துக்குச் சற்று முன் மைதானத்திலிருந்து மக்சூதின் போன் வந்தது. குதிரையைச் சேர்த்துக்கொண்டார்களாம். புருல் அப்போது திரையில் வெளுத்த குதிரைகளை ஒவ்வொன்றாக அவிழ்த்து, புது எண் காட்டிய தறியில் மாற்றிக் கட்டிக்கொண்டிருந்தாள். அவருடையதை எப்போதோ மாற்றியாகிவிட்டது.